பேருந்துக்கு முன்னால் நின்ற என் வண்டி

பெங்களூரின் போக்குவரத்து உமிழ்வுகளைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் நான், இந்நகரின் பேருந்துகளைக் கைவிட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. 2021இல் பெட்ரோலில் ஓடும் ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினேன். கருத்தரங்குகளில் பொதுப் போக்குவரத்தின் மேன்மையைப் படங்கள் போட்டு விளக்கிவிட்டு, வெளியே வந்து தலைக்கவசம் மாட்டிக்கொண்டு கிளம்புவேன். நண்பர்கள் கேலி செய்வார்கள், நானும் சிரித்துக்கொள்வேன். அந்த வண்டியை வாங்கத் தூண்டிய காரணத்திலும், அதை ஓட்டிச் சென்ற ஒரு காலையில் நேர்ந்த சிறு நிகழ்விலும், என் ஆய்வேடு தவறவிட்டிருந்த ஒன்று இருந்தது. அதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

2018இல் தருமபுரியிலிருந்து இங்கே வந்தபோது மகாதேவபுரத்தில் அறை எடுத்துத் தங்கினேன். வெளிவட்டச் சாலை வழியாக ஹெப்பாளுக்கும் சில்க் போர்டுக்கும் இடையே ஓடும் 500டி பேருந்தில் ஏறி, அகராவில் இறங்குவேன். அதே நிறுத்தத்தில் தினமும் ஓர் அக்காவும் காத்திருப்பார். பெல்லந்தூரின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மூன்று வீடுகளில் வேலை செய்பவர். பாலக்கோட்டுப் பக்கம் அவருடைய பிறந்த ஊர் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஓர் ஊர்த்துணை கிடைத்தது. “பஸ்ஸு வரும் கண்ணு, நமக்கு முன்னால நிக்கிற இந்த வண்டியெல்லாம் நகரணுமில்ல” என்பார். அன்றைக்கு அதை ஆறுதல் வார்த்தையாகவே எடுத்துக்கொண்டேன்.

2019 அக்டோபரில் அந்தச் சாலையில் ஒரு மாறுதல் வந்தது. கிருஷ்ணராஜபுரத்திலிருந்து சில்க் போர்டு வரை பேருந்துகளுக்கென்று ஒரு முன்னுரிமைத் தடத்தை ஒதுக்கினார்கள். அதற்காகப் பெரிய கட்டுமானம் எதுவும் எழவில்லை. இருந்த சாலையிலேயே ஒரு தடத்தைப் பிரித்து, வரிசையாகக் கம்பங்களை நட்டார்கள், அறிவிப்புகள் வைத்தார்கள். சில வாரங்களில் என் பயணம் சுருங்கியதை உடலே உணர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே கார்கள் நின்றுகொண்டிருக்க, எங்கள் பேருந்து அவற்றைக் கடந்து போகும். அக்கா ஒருநாள் அந்தக் கார்களைக் காட்டி, “பாரு கண்ணு, இன்னைக்கு நாம முன்னால, அவுங்க பின்னால” என்றார். அவர் குரலில் ஒரு குழந்தையின் குதூகலம் இருந்தது.

அடுத்த ஆண்டு பெருந்தொற்று வந்தது. சாலைகள் வெறிச்சோடின. பின்னர் அதே வெளிவட்டச் சாலையின் நடுவே மெட்ரோ பாதைக்கான பணிகள் தொடங்கின. சாலை குறுகியது, கம்பங்கள் ஒவ்வொன்றாய்க் காணாமற்போயின, தடம் என்ற ஒன்று இருந்ததன் அடையாளமே அழிந்தது. 2016இல் பசவேஸ்வரா சதுக்கத்திலிருந்து ஹெப்பாள் வரை திட்டமிடப்பட்ட இரும்பு மேம்பாலத்துக்கு எதிராக இந்நகர மக்கள் மனிதச் சங்கிலியாய் நின்றார்கள். அடுத்த ஆண்டே அத்திட்டம் கைவிடப்பட்டது. வெட்டப்படவிருந்த மரங்களுக்காகக் கைகோக்கத் தெரிந்த நகரம் இது. பேருந்துத் தடம் மறைந்தபோது நான் எங்கும் போய் நிற்கவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். மீண்டும் வெளியே போக வேண்டிய நாள் வந்தபோது, நெரிசலில் முக்கால் மணி நேரத்தை இழக்க மனமின்றி ஸ்கூட்டர் வாங்கிவிட்டேன்.

2023 ஜூலையில் ஒரு மழைக்காலைப் பொழுது. பெல்லந்தூருக்குச் சற்று முன்னால், நிறுத்தத்தை நோக்கி ஒதுங்கிக்கொண்டிருந்த பேருந்துக்கும் ஓரத்துக்கும் இடையே ஒரு சந்து தெரிந்தது. இருசக்கர வண்டி ஓட்டுபவருக்குச் சந்து தெரிந்தால் கை தானாகவே முறுக்கிவிடும். நுழைந்தேன். எனக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டு வண்டிகள் நுழைந்தன. ஓட்டுநர் சடாரென்று நிறுத்தினார். முன்னால் சிக்னல் விழுந்தது. நிறுத்தத்தை எட்ட முடியாமல் பேருந்து எங்களுக்குப் பின்னால் அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தேன். நனைந்த கண்ணாடிக்கு அப்பால், கம்பியைப் பிடித்துக்கொண்டு நெருக்கத்தில் அக்கா நின்றிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காய்கறிக் கடையில் அவரைப் பார்த்தேன். “முன்னால வந்து நின்னது நீதானே கண்ணு?” என்று கேட்டார். தலையசைத்தேன். “பரவால்ல, ஒரு சிக்னல்தான். ஆனா அன்னைக்கு லேட்டுன்னு முதல் வீட்டுல ரெண்டு வார்த்தை கேக்க வேண்டியதாப் போச்சு” என்றார். கோபமில்லாமல் சொன்னார். அதனால்தான் அது என்னை விட்டு அகலவில்லை.

அன்றிரவு என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எடுத்துப் பார்த்தேன். கணக்கு எளிமையானது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும். பெட்ரோல் என்றால் 2.3 கிலோ. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் பேருந்து, கிலோமீட்டருக்கு 670 கிராம் அளவுக்கு உமிழ்கிறது. அதில் 40 பேர் இருந்தால் ஆளுக்கு 17 கிராம். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் என் ஸ்கூட்டரில் எனக்கு 51 கிராம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் காரில் ஒருவர் மட்டும் சென்றால் 190 கிராமுக்கும் மேல். இந்த எண்களை நான் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் 17 கிராம்காரர்களை 51 கிராம்காரியும் 190 கிராம்காரர்களும் சேர்ந்து நிறுத்திவைக்கிறார்கள் என்பதைக் காட்டும் கட்டம் என் அட்டவணையில் இல்லை.

இது வெறும் நியாய உணர்வு சார்ந்த விஷயமன்று. ஒரு பேருந்து போய்த் திரும்ப மூன்று மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மணி நேரத்தில் அது நான்கு சுற்று ஓடும். வழிவிட்டு அதே சுற்றை இரண்டு மணி நேரமாக்கினால், ஆறு சுற்று ஓடும். அதாவது 100 பேருந்துகள் 150 பேருந்துகளின் வேலையைச் செய்யும்; புதிதாக ஒன்றுகூட வாங்க வேண்டியதில்லை. காத்திருப்பு குறையும், என்னைப் போன்றவர்கள் வண்டி வாங்கும் எண்ணத்தைத் தள்ளிப்போடுவார்கள், சாலையில் வண்டி குறைந்தால் பேருந்து இன்னும் விரையும். நெரிசல் கூடினால் இதே சக்கரம் எதிர்த்திசையில் சுழலும். 2019இல் ஒரு திசையில் சுழலத் தொடங்கியதையும், பிறகு மறுதிசையில் சுழன்றதையும் என் உடம்பிலேயே பார்த்தவள் நான்.

மின்பேருந்துகள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். 2014இலேயே இங்கு மின்பேருந்தின் சோதனை ஓட்டம் நடந்தது. 2017இல் மின்வாகனக் கொள்கையை வெளியிட்ட முதல் மாநிலம் கர்நாடகம். இன்று தெருக்களில் அப்பேருந்துகள் சாதாரணக் காட்சி. அவற்றை மனமார வரவேற்கிறேன். புகையின்றிச் சாலையோரம் நிற்பது பெரும் விடுதலை. எனினும் பெரிய மின்பேருந்து கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ எடுத்துக்கொள்கிறது. நாட்டின் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராம் அளவில் கரியமில வாயு உமிழப்படுகிறது. நிலக்கரியின் பங்கு குறையும் வரை, கரிமக் கணக்கில் அது டீசல் பேருந்தை ஒட்டியே நிற்கும். பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரிய மின்பூங்காவை வைத்திருக்கும் கர்நாடகத்தின் நிலை சராசரியைவிட நல்லது. அது மேலும் மேம்படும். ஆனால் எந்த விசையால் ஓடினாலும் பேருந்தின் வலிமை அதில் ஏறும் ஆட்களிடம்தான் இருக்கிறது. நெரிசலில் சிக்கிய மின்பேருந்தும் சிக்கிய பேருந்துதான்.

வழி விடுவது எளிதன்று என்பதையும் அறிவேன். டெல்லியில் அம்பேத்கர் நகருக்கும் மூல்சந்துக்கும் இடையே 2008இல் திறக்கப்பட்ட பேருந்துத் தடத்துக்கு எதிராக வழக்கே நடந்தது. 2012இல் உயர்நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தும், 2016இல் தடம் அகற்றப்பட்டது. நம் மாநிலத்திலேயே ஹூப்ளிக்கும் தார்வாடுக்கும் இடையே 2018 முதல் தனித்தடத்தில் பேருந்துகள் ஓடுகின்றன. அதன்மீதும் விமரிசனங்கள் இருக்கின்றன. தடம் போடுவது பொறியியல். அதைக் காத்து நிறுத்துவது அரசியல். இன்று ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை 16 கிலோமீட்டருக்கும் கூடுதலான சுரங்கச் சாலை பற்றிப் பேசுகிறோம். மதிப்பீடு 17,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. என் பழைய 500டி பேருந்தும் அந்த இரு முனைகளையே இணைக்கிறது. மண்ணுக்கடியில் காருக்கு இடம் தேடும் நாம், மண்ணுக்கு மேல் பேருந்துக்கு ஒரு தடம் தரத் தயங்குகிறோம்.

2023 ஜூன் 11 முதல் இம்மாநிலப் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமில்லை. அக்காவின் பையில் மாதந்தோறும் கொஞ்சம் பணம் மிஞ்சுகிறது. அவருடைய பணத்தைக் காப்பதற்கு அரசு ஒரு வழி கண்டது. அவருடைய நேரத்தைக் காப்பதற்கு என்னைப் போன்றவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். யாரும் தாமாக ஒதுங்குவதில்லை என்பதற்கு நானே சான்று.

மூன்றாம் இயலைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். எரிபொருள் அட்டவணைக்குப் பக்கத்தில், ஒவ்வொரு நிறுத்தத்திலும் காத்திருந்த நிமிடங்களுக்கும் நெரிசலில் கரைந்த நிமிடங்களுக்கும் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். அதற்காக மீண்டும் 500டியில் ஏறி, கையில் குறிப்பேட்டுடன் போய்வருகிறேன். களப்பணி முடிந்த பிறகும் பேருந்திலேயே போவேன் என்று இங்கே சபதம் செய்யப்போவதில்லை. தாமதமாகும் நாளில் வண்டிச் சாவியைத் தேடும் கையை எனக்குத் தெரியும். ஆனால் மெட்ரோ பணிகள் முடிந்து அந்தச் சாலை மறுபடி அகலும்போது, அந்தக் கம்பங்களை மறுபடியும் நடுங்கள் என்று கேட்பவர்களில் ஒருத்தியாக இருப்பேன். அவை தடுக்கப்போவது என் வண்டியைத்தான் என்று தெரிந்தே கேட்பேன்.