தளபதியும் என் தலைமுடியும்

நேத்து ராத்திரி டிவில 'தளபதி'.
அம்மா சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டே, "ஸ்ரீவித்யா ரஜினிய விடச் சின்னவ, தெரியும்ல?"ன்னாங்க.

நம்பல. போன்ல தேடிப் பாத்தேன்.
அவர் பொறந்தது 1950. அவங்க 1953.
1975ல 'அபூர்வ ராகங்கள்'ல அவருக்கே பொண்டாட்டி.
1991ல 'தளபதி'ல அம்மா!
படம் வந்தப்ப அவங்களுக்கு வெறும் 38.

எனக்கு இப்போ 41.
இந்தக் கணக்குப்படி 44 வயசு ஹீரோவுக்கு நான் திருநீறு பூசி அனுப்பணும்.
உடனே எந்திரிச்சுப் போய்க் கண்ணாடி பாத்தேன். போன வாரம் அடிச்ச டை வகிடுல மட்டும் வெளுத்திருக்கு. சனியன்.

இப்பல்லாம் சினிமா கொஞ்சம் பரவால்ல.
'ஜே பேபி'ல ஊர்வசி மொத்தப் படத்தையும் தோள்ல தூக்கிட்டுப் போனாங்க.
2017ல 'பவர் பாண்டி'ல ரேவதிக்குக் காதலே வந்துச்சு.

அதப் பாத்துட்டு "இந்த வயசுல என்னடி காதல் வேண்டிக்கெடக்கு"ன்னு முகத்தச் சுளிச்சது இதே அம்மாதான்.

அப்புறம் எதுக்கு, டிவில எப்பப் போட்டாலும் சீரியல மாத்திட்டு அதையே பாக்குறாங்க?

கேக்கலாமா, வேணாமா?