தண்டவாளம் இட்டவர் யார்?

அடி அண்ணாமலையில் பௌர்ணமி இரவென்றால் வீதி வீதியாயிராது. 14 கிலோமீட்டர் மலைவலப் பாதையில் நடப்போரின் வெள்ளம், நம் வாசற்படியைத் தொட்டவண்ணம் விடியும்வரை ஓடிக்கொண்டிருக்கும். அத்தகைய இரவொன்றில், வெளியே செல்ல வழியின்றி, விடுமுறைக்கு வந்திருந்த மகள் வயிற்றுப் பேரனோடு கூடத்திலேயே அடைபட்டுக் கிடந்தோம். அன்றுதான் கையளவுள்ள இரயில் இஞ்சின் ஒன்று நமக்குப் பாடம் சொல்லிற்று.

இஞ்சின், சிங்கப்பூரிலுள்ள அவனுடைய மாமா பெருநாள் அன்பளிப்பாக அனுப்பியது. முன்னால் இரண்டு சிறு சக்கரங்கள். அவற்றின் பின்னே ஆறு பெரிய சக்கரங்கள். பழைய நீராவி இஞ்சினை அப்படியே சுருக்கி வைத்தாற்போல் இருக்கும், ஓடுவதோ மின்சாரத்தில். பிளைவுட் பலகையொன்றின்மேல் தண்டவாளத் துண்டுகளை நீள்வட்டமாக இணைத்து, சிற்றாணிகள் அறைந்து அமைத்துக் கொடுத்தவர் நாம். ஓட்டும் உரிமை ஒன்பது வயதுப் பேரனுக்கு.

இரண்டு நாட்கள் நன்றாக ஓடிய இஞ்சின், மூன்றாம் நாள் அடிக்கடி தடம் புரண்டது. நாம் என்ன செய்தோம்? "மெதுவாக ஓட்டு என்று எத்தனை முறை சொல்வது?" என்று சிறுவனைக் கடிந்துகொண்டோம். அவன் வேகத்தைக் குறைத்தான். அப்போதும் புரண்டது. "எங்கேனும் கீழே போட்டிருப்பாய்!" என்றோம். அவன் எதிர்வார்த்தை பேசவில்லை. இஞ்சினைப் பெட்டிக்குள் வைத்து மூடி, "எனக்கு இது வேண்டாம் நன்னா" என்று நம் பக்கம் தள்ளிவிட்டு, சுவர்ப்புறமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

அடுக்களையிலிருந்து மகளின் குரல் கேட்டது: "ஏன் அத்தா, அது எந்த இடத்தில் கவிழ்கிறது என்று பார்த்தீர்களா?"

நாம் பார்க்கவில்லை. தீர்ப்புத்தான் வழங்கியிருந்தோம்.

மெய்யான இரயில் தடம் புரண்டால் அங்கே நிகழ்வது வேறு. பாதையை அளப்பார்கள்; சக்கரங்களை அளப்பார்கள்; வண்டி வந்த வேகத்தைப் பார்ப்பார்கள். பெரிய விபத்துக்களை விசாரிப்பவர் இரயில்வே பாதுகாப்பு ஆணையர். அவர் இரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார்! விசாரணை செய்வோரை இரயில்வே வாரியத்தினின்றும் 1941ஆம் ஆண்டிலேயே பிரித்துவிட்டார்கள். பாதையிட்டு வண்டி ஓட்டுகிறவரே தம் பிழைக்குத் தாமே நீதிபதியாதல் கூடாது என்பதே அதன் கருத்து. நம் கூடத்திலோ பாதையிட்டவரும் நாம், நீதிபதியும் நாம்!

வெட்கத்தோடு எழுந்து, பேரனைச் சமாதானம் செய்து அழைத்து வந்தோம். அவன் கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, இஞ்சின் புரளும் இடத்திலெல்லாம் பலகையில் குறியிடச் சொன்னோம். கண்ட கண்ட இடங்களில் புரண்டால் ஐயம் சக்கரத்தின்மீது. ஒரே இடத்தில் புரண்டால் ஐயம் பாதையின்மீது. ஐந்து முறை புரண்டது. ஐந்து குறிகளும் வளைவு தொடங்கும் இடத்தில், சாண் அகலத்துக்குள் விழுந்தன. இஞ்சினை எதிர்த்திசையில் ஓட்டினோம், அங்கேயே புரண்டது.

ஆயினும் சக்கரத்தை விசாரியாது விடுவித்தல் முறையன்று. ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களின் உட்புறங்களுக்கு இடையே ஏறத்தாழ 14.5 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். அச்சில் சக்கரம் நகர்ந்திருந்தால் இது மாறிவிடும். அளந்தோம், சரியாக இருந்தது. அடுத்து, தண்டவாளத் துண்டுகள் கூடும் மூட்டுக்களை நகத்தால் வருடினோம், எங்கும் இடறவில்லை. கண்ணைப் பலகையோடு தாழ்த்தி நோக்கினோம்; இரு தண்டவாளங்களிலும் மேடு பள்ளம் தெரியவில்லை.

எஞ்சியது அகலம். திருவண்ணாமலை வழியாகச் செல்லும் விழுப்புரம் - காட்பாடிப் பாதை முன்பு 1000 மில்லிமீட்டர் கொண்ட மீட்டர்கேஜாக இருந்து, பின்னர் 1676 மில்லிமீட்டர் அகலப்பாதையாயிற்று. 2015இல் ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோவின் பாதை 1435 மில்லிமீட்டர். அதனை 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் வரும் 16.5 மில்லிமீட்டரே நம் பலகைமேலிருந்த பாதையின் அகலம். அவ்வளவுக்குச் சரியாக ஓர் அட்டைத் துண்டை வெட்டி, தண்டவாளங்களுக்கு நடுவே நிறுத்தித் தள்ளிக்கொண்டு போகும்படி பேரனிடம் தந்தோம். நேர்ப்பாதையில் வழுக்கிச் சென்ற அட்டை, குறிகள் இருந்த இடத்தில் சிக்கி வளைந்தது.

"நன்னா, இங்கே போகமாட்டேன் என்கிறது!"

குனிந்து பார்த்தோம். அந்தக் கட்டையின் நடுவே சிற்றாணியின் தலை ஆழப் புதைந்திருந்தது. பாதை உறுதியாக இருக்கட்டும் என்று நாம் ஓங்கி அறைந்த ஆணி! மெல்லிய பிளாஸ்டிக் கட்டை நடுவில் அமுங்கவே, அதன் இரு முனைகளும் எழும்பி, தண்டவாளங்கள் உட்புறமாகச் சாய்ந்து இடைவெளி குறுகிவிட்டது. வளைவில் சக்கரத்தின் விளிம்பு இயல்பாகவே வெளித் தண்டவாளத்தை நெருக்கிக்கொண்டு உருளும். இடமும் குறுகவே, விளிம்பு தண்டவாளத்தின்மேல் ஏறிவிடுகிறது. ஏறிய சக்கரம் புரளாமல் என்ன செய்யும்?

குறடு கொண்டு ஆணியைச் சற்றே மேலே இழுத்தோம். அதன் தலைக்கும் கட்டைக்கும் இடையே ஒரு காகிதம் நுழையுமளவு இடம் விட்டோம். அட்டை தடையின்றிச் சென்றது. பேரன் இஞ்சினை ஏற்றி ஓட்டினான். இருபது சுற்று எண்ணினான், ஒருமுறையும் புரளவில்லை. முழுவேகத்தில் ஓட்ட நாமே அனுமதி தந்தோம். அப்போதும் புரளவில்லை.

பிழை எது என்று கண்டாயிற்று. அதனை ஒப்புக்கொள்வது, கண்டுபிடிப்பதைவிடக் கடினமாயிருந்தது. வயது நம் நாவைக் கட்டிப் போட்டது. எனினும், "உன்மேல் குற்றமில்லை. ஆணியை அறைந்தது நன்னா. உன்னைத் திட்டியது தவறு" என்று சொல்லிவிட்டோம்.

அவன் நம்மை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பெரியவரைப்போல், "பரவாயில்லை நன்னா. அடுத்த தடவை மெதுவா அடிங்க" என்றான். அடுக்களையில் மகள் சிரித்தது நமக்குக் கேட்டது.

இல்லந்தோறும் பிள்ளைகள் தடம் புரள்வதாகக் குறைப்படும் பெரியோர் உண்டு. நாமும் அவர்களுள் ஒருவரே. ஓட்டுகிறவனைக் கடியுமுன், தண்டவாளம் இட்டவர் யார் என்று கேட்டுக்கொள்வோம். உறுதிக்கென்று நாம் அறைந்த ஆணிகளுள் எது அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது என்று, ஓர் அட்டைத் துண்டை எடுத்து அளந்து பார்ப்போம்.