அண்ணே, முடிச்சைக் காட்டுங்க

வேல் வேல்.

போன சனிக்கிழமை அன்னதான வேலைக்கு ஏன் வரலைன்னு நிறைய பேர் கேட்டீங்க. பத்துமலையிலதான் இருந்தேன். 272 படி இருக்கிற பக்கம் இல்ல, மலையோட இன்னொரு பக்கம், குவா டாமாயில். கூட்டாளிங்க மூணு பேரோட பாறை ஏறப் போயிருந்தேன். வர்ற ஞாயிறு எனக்குப் பாறையேறும் பயிற்றுநர் தேர்வு. அதுக்கு முன்னாடி கடைசிப் பயிற்சி.

“சாமி மலையில கால வெச்சு ஏறலாமா தம்பி?”ன்னு சமையல்கட்டு அக்கா ஒருத்தர் கேட்டாங்க. படியும் அதே மலையிலதானே இருக்கு அக்கான்னேன். ஆனாலும் பாறையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்காம நான் ஏறுனதே இல்ல. கை வியர்வைக்கு ஒரு வெள்ளைப் பொடி பூசுவோம். பார்க்கத் திருநீறு அள்ளுன கை மாதிரியே இருக்கும்.

அன்னைக்கும் கும்பிட்டுட்டுத்தான் ஆரம்பிச்சேன். கயிற்றை இடுப்புப் பட்டையில கட்ட எட்டு மாதிரி ஒரு முடிச்சு உண்டு. முதல்ல கயிற்றில் ஒரு எட்டு. பிறகு நுனியைப் பட்டைக்குள்ள விட்டு, அந்த எட்டின் வழியாவே திரும்பக் கொண்டுவந்து இறுக்கணும். நான் நுனியைப் பட்டைக்குள்ள விட்ட நேரம், தேர்வுல என்ன கேப்பாங்கன்னு ஒரு கூட்டாளி கேட்டான். பாதுகாப்புச் சோதனையைப் பத்தி அவனுக்கு நீளமா விளக்கம் சொல்லிக்கிட்டே சப்பாத்தைப் போட்டேன். எழுந்து பாறையில கை வெச்சேன்.

கீழே கயிறு பிடிக்க நின்னது எங்க குழுவுலயே சின்னப் பொண்ணு. ஏற ஆரம்பிச்சு நாலு மாசம்தான் ஆகுது.

“அண்ணே, முடிச்சைக் காட்டுங்க.”

“பார்த்துட்டேன்மா, கயிறு விடு.”

“நான் பார்க்கலையே. காட்டுங்க அண்ணே.”

எரிச்சலோட குனிஞ்சேன். முடிச்சு பாதியில நிக்குது. நுனி சும்மா தொங்குது.

ஏறும்போது இது தெரியவே தெரியாது, ஏன்னா கயிற்றில் பாரம் விழாது. உச்சிக்குப் போய், இறங்குறதுக்காகக் கயிற்றை நம்பிப் பின்னால சாயும்போதுதான் உருவிக்கிட்டு வரும். லின் ஹில்னு உலகப் புகழ் பெற்ற அமெரிக்க வீராங்கனை ஒருத்தர், 1989ல பிரான்ஸ் நாட்டுல இப்படித்தான் முடிச்சை முடிக்காம ஏறி விழுந்தாங்க. மரத்துல பட்டு விழுந்ததால உயிர் தப்புனாங்க. இந்தக் கதையை நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன்!

அதுக்கப்புறம் அன்னைக்கு ரெண்டு தடவைதான் ஏறுனேன். கை நடுங்குச்சு. வீட்டுல இதுவரைக்கும் சொல்லல. இதைப் படிச்சுத்தான் அம்மாவுக்கே தெரியப் போகுது.

காரை ஓட்டிக்கிட்டு வரும்போது வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. ரெண்டு வாரம் முன்னாடி நம்ம கோயில் சமையல்கட்டுல, நாலாம் படிவம் படிக்கிற தம்பி ஒருத்தன் வந்து, “அண்ணே, பெரிய அடுப்புப் பக்கம் கேஸ் வாசம் வருது”ன்னான். எத்தனை வருஷமா இந்த அடுப்பைப் பத்த வைக்கிறேன், எனக்குத் தெரியாதா? “நீ போய் வாழையிலையைத் தொட”ன்னு எல்லார் முன்னாடியும் விரட்டிட்டேன். பத்த வைக்கிறதுக்குள்ள பெரியவர் ஒருத்தர் குழாயைப் பார்த்து இறுக்குனார். லூசாத்தான் இருந்துச்சு. நான் அந்தத் தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசல. அவன் அதுக்கப்புறம் வரவும் இல்ல.

நேத்து ராத்திரி அவன் வீட்டுக்குப் போன் பண்ணேன். டியூஷனுக்குப் போயிருக்கான்னு அவங்க அம்மா சொன்னாங்க. வெள்ளிக்கிழமை பூஜைக்கு முன்னாடி நேர்ல போய்ப் பார்க்கிறேன்னு சொல்லியிருக்கேன். தம்பி, நீ இதைப் படிச்சா, அண்ணன் மேலதான் தப்பு.

ஞாயிறு தேர்வுன்னால நான் கோயிலுக்கு வர முடியாது. காய் வெட்ட ரெண்டு பேர் வேணும், காலை 6 மணிக்கு. அடுப்பு பத்த வைக்கிறவங்க குழாயை இன்னொருத்தர்கிட்ட காட்டிட்டுப் பத்த வைங்க.

முருகா சரணம்.