உடுக்கைக்கு மைக் வைப்பது

எங்கள் மைக்செட் தொழிலில் உடுக்கைக்கு மைக் வைக்கக் கடைசியில்தான் கற்றுக்கொடுப்பார்கள். மேடைப் பேச்சு, நாதஸ்வரம், ரெக்கார்டு எல்லாவற்றுக்கும் செட் போட்டுக் கை பழகிய பிறகே, உப்பிலியபுரம் பக்கத்துக் கோயில்களில் உடுக்கைப்பாட்டு நடக்கும் ராத்திரி ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார விடுவார்கள். அது நியாயம்தான்.

உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அமுக்கினால் தோல் இறுகிச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். அதன் உயிரே அந்த ஏற்ற இறக்கம்தான். கூம்பு ஸ்பீக்கரில் அடிக்குரல் வராது. விரல் விழும் 'டக்' வயல் தாண்டிக் கேட்கும், 'கும்' என்று குழைந்து இறங்குவது காணாமல் போகும். அதனால் ஊருக்குக் கூம்பு, பந்தலுக்குள் ஒரு பாக்ஸ் என்று பிரித்துப் போடுவோம். மைக்கைத் தோலுக்கு நேரே நீட்டாதீர்கள். ஒரு சாண் தள்ளிச் சாய்த்து வையுங்கள். கூம்பின் வாய் பந்தலைப் பார்க்கவே கூடாது. பாட்டுக்காரர் ஆடிக்கொண்டு நாலடி நகர்ந்தாலே மைக் கூவிவிடும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் அந்தக் காலத்தில் விடிய விடிய வால்யூம் குமிழிலிருந்து விரலை எடுக்கமாட்டார். பாட்டுக்காரரின் தோளைப் பார்த்தே அடுத்த அடியைக் கணித்துவிடுவார். எக்கோ வந்த புதிதில் ஒரு பையன் உடுக்கைக்கும் அதைத் திறந்துவிட்டான். அடிமேல் அடி விழுந்து பாட்டுக்காரருக்குத் தாளம் நின்றுபோயிற்று. பெரியவர் திட்டவில்லை. குமிழை மூடிவிட்டு, "அருள் எறங்குற நேரத்துல ஒரு உடுக்கைதான்டா கேக்கணும்" என்றார். இப்போதும் நாங்கள் எக்கோவைக் குரலுக்குத்தான் கொடுக்கிறோம். அதுவும் வரி முடிகிற இடத்தில் கொஞ்சம் திறந்து, உடுக்கை எடுப்பதற்குள் மூடிவிடுவோம்.

பாட்டை எங்கே நீட்டுவது, எங்கே வெட்டுவது என்பதெல்லாம் எதிரே இருக்கும் சனத்தைப் பார்த்து முடிவாவது. ஆய்வாளர் பிரெண்டா பெக் 1965-ல் கொங்கு நாட்டில் உடுக்கையடித்துப் பாடும் அண்ணன்மார் கதையை டேப்பில் பதிந்தார். ஒரே பாட்டுக்காரர் கூட்டத்தின் முன் பாடியதும், எழுதிக்கொள்ளச் சொன்னதும் வேறு வேறாக இருந்தன. இந்தத் தொழில் தெரிந்த யாருக்கும் அதில் ஆச்சரியம் இருக்காது. குமிழை ஓரிடத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவனுக்கு இந்த வேலை ஒத்துவராது.

மணப்பாறை பக்கத்து வீரப்பூரில் அந்தக் கதைக்குப் படுகளம் உண்டு. மாண்டவர்போல் விழுந்து கிடப்பவர்களைப் பாடி எழுப்புவார்கள். அப்படிப்பட்ட கட்டத்தில் சத்தத்தைக் கூட்டத்தான் கை பரபரக்கும். குறையுங்கள்; சனம் தானாக அடங்கிக் கேட்கும்.

2000-ல் வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது; திருவிழாவுக்குத் தனி அனுமதி இருந்தால் நள்ளிரவு வரை ஓடும். செட்டை அணைத்ததும் ஒயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், தம்பிகளே. பாட்டுக்காரர் வெறும் உடுக்கையோடு தொடர்வார். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மறுநாள் பாக்ஸில் அந்தக் 'கும்' வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மைக்கை மாற்றி வையுங்கள்.