கடல் மறைத்ததும் நாம் மறைத்ததும்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள், அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு எங்கள் குடும்பத்தார் அனைவரும் பூம்புகார்க் கடற்கரையில் அமர்ந்திருந்தோம். புதுச்சேரியில் முக்குளிப்புப் பயிற்சி பெற்ற எங்கள் தம்பி, அக்கடலின் அடியில் கிடக்கும் ஒரு கப்பலைப் பற்றிச் சொல்லலானார்.

கரைக்கு அப்பால் 19 மீட்டர் ஆழத்தில் மணலில் புதையுண்டு கிடக்கிறது அக்கப்பல். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மூழ்கிச் சென்று அதனை ஆராய்ந்தனர். அதிலிருந்த ஈயக் கட்டிகளில் 'பிளாக்கெட்' என்னும் பெயரும், 1791, 1792 ஆகிய ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. பிளாக்கெட் என்பது வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கங்களை நடத்திய குடும்பத்தின் பெயர்.

அவ்வளவு ஆழத்தில் உடலை அழுத்தும் பாரம் கரையில் உள்ளதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கூடுதலாகக் கரையும். விரைந்து மேலேறினால் அது குமிழிகளாகி உயிருக்கே ஊறு செய்யும். ஆகவே மெல்ல ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் சுமார் 3 நிமிடம் தரித்த பின்னரே மேலே வருவார்கள் என்று தம்பி விளக்கினார்.

கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா மெதுவாகச் சொன்னார்: "ஈயக் கட்டிக்குக்கூட இத்தனை வருஷம் கழிச்சு இன்னாருடையதுன்னு பேரு இருக்கு. எங்க உம்மா பேரு எந்தப் பத்திரத்துலயும் இல்லையே, தம்பி."

எவரும் பதில் பேசவில்லை. அவர் சொன்னதன் பொருள் எங்கள் அனைவருக்கும் தெரியும்.

எங்கள் கொள்ளுப்பாட்டனார் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சரக்குத் தோணியில் சென்றவர். ஒரு கார்த்திகைப் புயலில் தோணி கவிழ்ந்தது. உயிர் தப்பிய தோணிக்காரர் ஒருவர் வந்து, அவர் மூழ்கியதைக் கண்ணால் கண்டதாகச் சாட்சி சொன்னார். ஜனாஸா இல்லாமல் காயிப் தொழுகை நடந்தது. கொள்ளுப்பாட்டியார் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தார்.

ஆயினும் அவருடைய இரண்டு வேலி நஞ்சையைப் பங்கிடும் பேச்சு வந்தபோது, மகன்கள் இருவரும், "மையித்தையே காணவில்லை, காணாமற்போனவர் சொத்தைப் பிரிக்கக் கூடாது" என்றனர். காணாமற்போனவரின் மரணம் உறுதியாகும் வரை அவர் சொத்தைப் பங்கிடலாகாது என்பது மார்க்கச் சட்டம்தான். ஆனால் இத்தாவுக்கு மரணித்தவராக இருந்தவர், தங்கையின் பங்கு என்றதும் காணாமற்போனவராகிவிட்டார். காலப்போக்கில் நிலம் அண்ணன்மார் இருவரின் பெயருக்கு மாறியது. அந்தத் தங்கையின் மகள்தான் பெரியம்மா.

அன்றிரவு அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12-ஆம் வசனங்களை வைத்துக் கணக்கிட்டோம். இரண்டு வேலி என்பது 40 மா. மனைவிக்கு எட்டில் ஒன்று, 5 மா. எஞ்சிய 35 மாவில் மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. பின்னர் தாயார் மரணித்தபோது அவருடைய 5 மாவிலிருந்து மகளுக்கு ஒன்று. ஆக 8 மா. சிறு குழந்தையும் போடக்கூடிய இக்கணக்கை மூன்று தலைமுறைகளாக நாங்கள் போடவில்லை.

இரு பாட்டனார்களின் வழிவந்த எங்களிடம் தலா 20 மா உள்ளது. ஆளுக்கு 4 மா விட்டுக்கொடுப்பது எளிதாக இல்லை. ஆழ்குழாய்க் கிணறு போட்ட செலவை ஒருவர் நினைவூட்டினார். மகளின் திருமணத்துக்கு நிலத்தை நம்பியிருப்பதாக மற்றொருவர் கூறினார். பிறர் நிலத்தில் ஒரு சாணை அபகரித்தாலும் மறுமையில் அது கழுத்தில் சுமையாகும் என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எச்சரித்திருப்பதை வாப்பா எடுத்துரைத்தார். விவாதம் ஃபஜ்ர் வரை நீண்டு, இறுதியில் அனைவரும் இசைந்தோம். சம்பா நடவுக்கு முன்பே 8 மாவும் பெரியம்மாவின் பெயரில் பதிவாயிற்று. அல்ஹம்துலில்லாஹ்.

கடந்த ஆண்டுகளின் விளைச்சலுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "எனக்குரியதை நான் மன்னிச்சுட்டேன். உம்மா பட்ட கஷ்டத்துக்கு நான் எப்படி மன்னிக்கிறது? அவங்களுக்காக துஆ செய்யுங்க" என்றார்.

செய்துகொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பங்குக்குரியவர் உயிரோடிருக்கும்போதே அதனை ஒப்படைக்கும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக, ஆமீன்.