கல்லைப் புரட்டிப் பார்ப்பவர்

காலை ஏழு மணிக்குத் தீர்த்தன் ஆற்றங்கரையில் போய் நின்றோம். வழிகாட்டி பாயி தூண்டில் கோலை உறையிலிருந்துகூட எடுக்கவில்லை. கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, உள்ளங்கை அகலக் கல் ஒன்றைத் தூக்கிப் புரட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாருங்க ஜி, இன்னிக்கு அங்க என்ன சமையல்னு."

கல்லின் ஈர வயிற்றில் அரிசி நீளத்துக்கு ஒரு தட்டைப்பூச்சி, பின்னால் மூன்று வால் இழைகளோடு நெளிந்து ஓடியது. மேஃப்ளையின் குஞ்சுப் பருவம் அது. பக்கத்தில் இன்னொன்று, மணல் துகள்களை ஒட்டிக் குழல் போலக் கூடு கட்டி அதற்குள் ஒடுங்கியிருந்தது. இரண்டையும் நான் பார்த்து முடித்ததும், எடுத்த இடத்திலேயே கல்லைப் பழையபடி கவிழ்த்து வைத்தார். அதன் பிறகுதான் செயற்கை ஈக்கள் வைக்கும் ஈப்பெட்டி திறந்தது.

இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டம், பஞ்சார் பகுதி. மேலே கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவின் பனியில் பிறக்கும் தீர்த்தன், குஷைனி, நாகினி ஊர்களைத் தொட்டு இறங்கி, லார்ஜியில் பியாஸ் ஆற்றோடு கலக்கிறது. நான் போனது அக்டோபர் கடைசி வாரம். நவம்பர் 1 பிறந்தால் பிப்ரவரி முடியும்வரை ட்ரௌட் பிடிக்கத் தடை. மீன் முட்டையிடும் காலம். மழைக்காலக் கலங்கலும் வடிந்து, தண்ணீர் கண்ணாடியாக இருந்தது.

நான் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவன். மண்புழு, தக்கை, தங்கூஸ், ஈயக்குண்டு என்றால் கை தானாக வேலை செய்யும். அந்தக் கைதான் இங்கே எனக்கு எதிரி. நம் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கும், நரம்பு அதன் பின்னால் போகும். பிளை ஃபிஷிங்கில் முள்ளில் கட்டிய செயற்கை ஈக்கு எடையே இல்லை. அதனால் கயிறே கனமாக இருக்கிறது. அந்தக் கனத்தை முன்னும் பின்னும் வீசி, காற்றில் சுருளவிழ்த்து, நுனியில் இருக்கும் ஈயைப் பஞ்சு விழுவதுபோல் இறக்க வேண்டும்.

ஒன்பதடிக் கோல். முதல் வீச்சில் ஈ என் தொப்பியில் மாட்டியது. இரண்டாவதில் கரையோர மரத்தில். மூன்றாவதில் சாட்டை சொடுக்கியதுபோல் ஒரு சத்தம். ஈ அறுந்தே போயிற்று.

"பின்னாடி கயிறு முழுசா நீளட்டும் ஜி. அதுக்கு முன்னாடி முன்னால இழுக்கிறீங்க." அவர் இந்தியில் சொன்னதை என் காது தமிழில் கேட்டது. பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்து என் வலது அக்குளில் செருகினார். "இது விழக்கூடாது. அவ்வளவுதான்."

தோள் அடங்கியது, முழங்கைக்குக் கீழே மட்டும் வேலை நடந்தது, கயிறு நேராகப் போனது. அரைமணி நேரத்தில் நான்கு தடவை ஆப்பிள் விழுந்தது. நான்காவது தடவை அதைத் துடைத்து அவரே கடித்துவிட்டார். பாடம் முடிந்தது என்று அர்த்தம்.

ஆனால் வீசுவது இந்தத் தொழிலில் சின்னப் பங்கு. பெரிய பங்கு பார்ப்பது. ஆற்றின் நடுவே ஒரு பாறை. அதன் ஒரு பக்கம் வேகநீர், பின்னால் தேங்குநீர். இரண்டும் உரசும் இடத்தில் தையல் போட்டதுபோல் ஒரு கோடு ஓடுகிறது. ட்ரௌட் நீரோட்டத்தை எதிர்நோக்கி, மெதுநீரில் உடம்பை வைத்துக்கொண்டு, வேகநீர் கொண்டுவரும் பூச்சியைத் தலைநீட்டிக் கவ்வும். "நல்ல சோம்பேறி. வாசல்ல உட்கார்ந்து, தெருவுல போறதை வாங்கித் திங்கிறான்" என்றார் பாயி.

அந்தத் தையலில் ஈயைப் போட்டேன். கயிற்றின் நடுப்பகுதியை வேகநீர் இழுக்க, ஈ தண்ணீரைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. அவர் உதட்டைப் பிதுக்கினார். "மக்கி (ஈ) நீச்சல் அடிக்குது. நிஜ மக்கி நீச்சல் அடிக்குமா?" கயிற்றை மேல்நோக்கி மடித்துப் போட்டு, ஈயை ஓட்டத்தோடு சும்மா விடக் கற்றுக்கொடுத்தார்.

ஈப்பெட்டியில் இருந்தவை குளிர்காலத்தில் அவரே கட்டியவை. மேசையில் சின்னப் பிடிகருவி, அதில் முள், அதன்மேல் நூல், மயில்தோகை இழை, சேவல் கழுத்து இறகு. ஃபெசன்ட் வால் இறகையும் செப்புக் கம்பியையும் மட்டும் வைத்துக் கட்டும் ஒரு வகை, இங்கிலாந்தில் ஆற்றுக் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் உருவாக்கியது. "இறகு எல்லாம் கடையில வாங்கினது. மேல காட்டுல மோனால் பறவை திரியுது. அதன் இறகைத் தொட்டா சட்டம் என்னைத் தொடும்." ஒவ்வொரு முள்ளிலும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கியிருந்தார்; மீன் வாயிலிருந்து எளிதாகக் கழலும்.

ட்ரௌட் இந்த ஆற்றுக்கு உரியதல்ல. ஆங்கிலேயர்கள் 1900-இல் ஸ்காட்லாந்து ட்ரௌட்டைக் காஷ்மீருக்குக் கொண்டுவந்தார்கள். 1909-இல் அது குல்லுவை எட்டியது. நம் நீலகிரியில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்ததும் ஏறத்தாழ அதே காலம், 1907. தங்கள் பொழுதுபோக்குக்காக அவர்கள் கொட்டிய மீன்தான் பின்னாளில் தீர்த்தனுக்கு வாதாடியது. ஆற்றில் சிறு நீர்மின் திட்டங்கள் வந்தபோது, முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் திலாராம் ஷபாப் தலைமையில் ஊர் எதிர்த்து நின்றது, நீதிமன்றம்வரை போனது. ஆறு வற்றினால் ட்ரௌட் போகும் என்பதும் அவர்கள் வாதங்களில் ஒன்று. வரும் வழியில் லார்ஜியில் பியாஸை மறித்து நிற்கும் அணையைப் பார்த்தவர்களுக்கு, தீர்த்தன் தடையில்லாமல் ஓடுவதன் அருமை தெரியும்.

பாயியின் அப்பா வலை வீசியவர். "பிடிச்ச மீனை ஒரு தடவைதான் விக்க முடியும் ஜி. விட்ட மீனை எத்தனை தடவை வேணும்னாலும் விக்கலாம்." தட்டுக்கு வேண்டிய ட்ரௌட்டைப் பண்ணைத் தொட்டிகள் தருகின்றன. அவர் பிழைப்பு ஆற்றில் மீன் இருப்பதில் இருக்கிறது. தடைக்காலத்தில் தோட்ட வேலை, ஈ கட்டுவது. மழையில் வருமானம் இல்லை.

மதியம் ஓரிடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பாசி படிந்த கூழாங்கற்களுக்கு நடுவே, துடைத்து வைத்ததுபோல் வெளுப்பாக ஒரு வட்டம். பெண் ட்ரௌட் வாலால் விசிறிப் பறித்த குழி, முட்டைக்கான தொட்டில். அதைச் சுற்றிக்கொண்டு கரைவழியே நடந்தோம்.

வெயில் சாயும் நேரத்தில் கயிறு நின்றது. தூக்கினேன், கனம் கைக்கு வந்தது. மீன் ஓடியது, திரும்பியது, களைத்தது. பாயி கைகளை முதலில் தண்ணீரில் நனைத்துக்கொண்டார். உலர்ந்த கை பட்டால் மீன்மேல் இருக்கும் வழவழப்பு உரிந்துவிடும். வலையில் எட்டிப் பார்த்தேன். புள்ளி இல்லை, பழுப்பு மஞ்சள் இல்லை. வெள்ளிச் சாம்பல் நிறம், பொடிச் செதில், கீழ்நோக்கிய வாய்.

ட்ரௌட் இல்லையே என்று என் முகம் சுருங்கியிருக்க வேண்டும். அவர் முகம் விரிந்தது.

"அஸ்லா! இவனோட குஞ்சுகளைத்தான் ட்ரௌட் தின்னுது. ட்ரௌட் விருந்தாளி ஜி, சோறு போடறான், மரியாதை கொடுக்கிறேன். இவன் வீட்டுக்காரன்."

முள்ளைக் கழற்றி, மீனின் தலை நீரோட்டத்தைப் பார்க்க இரண்டு கையாலும் தாங்கி நின்றார். செவுள் இரண்டு மூன்று முறை திறந்து மூடியது. விரல்களை விரித்தார். அஸ்லா அவசரப்படாமல் கற்களுக்குள் போயிற்று. காலையில் கல்லைக் கவிழ்த்து வைத்தபோது இருந்த அதே நிதானம் அவர் கையில் இருந்தது.