தகடூர்க் கற்களும் உளி பிடித்த கைகளும்

தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு இந்த முறை ஒரு கல்தச்சரை அழைத்துச் சென்றேன். அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்தி வளர்ந்தவர். மிக்ஸி வந்த பிறகு வாசற்படிக்கும் வேலிக்கும் கல் உடைக்கிறார். சங்ககாலத்தில் தகடூர் எனப்பட்ட இந்த ஊரின் நடுகற்களை அவர் கண்ணால் பார்க்க விரும்பினேன்.

நான் எழுத்தைத் தேடினேன். அவர் உளித்தடத்தைத் தேடினார். "பாறையிலிருந்து பலகையா உரிச்சிருக்காங்க சார். ஆழமாத் தோண்டல. உருவத்தைச் சுத்தி மட்டும் கொத்தி எடுத்ததால ஆள் எழும்பி நிக்கிறான்" என்றார். வில்லும் வாளும் ஏந்திய வீரன். ஆநிரை மீட்கும் பூசலில் மாண்டவன். பக்கத்தில் வட்டெழுத்து. "கருங்கல்லுல நேர்க்கோடு இழுத்துடலாம். இப்படி வளைச்சு வெட்டணும்னா கை நிதானம் வேணும்" என்று அவர் சொன்னபோது, அந்த எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு மணிக்கட்டு இருந்ததை முதன்முறையாக உணர்ந்தேன்.

கல்லைத் தேர்வதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரை நடுகல் மரபின் படிநிலைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கு நட்ட கல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைத்ததை ஔவையார் புறநானூற்றில் பாடுகிறார். அடுத்துள்ள செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல்லொன்று வீரனோடு அவனுடைய நாயையும் நினைவுகூர்கிறது. நாயின் பெயர் கோவிவன். மன்னர் கோயில்களில் இடம் கிடைக்காத எளியவர்களின் வரலாறு இது. ஆனால் வெட்டிய கைகளின் பெயர் பெரும்பாலும் கல்லில் இல்லை.

கல்லில் உழைத்த கைகளின் கலையை இன்றுவரை தொடரும் ஊரும் உண்டு. எடுத்தனூர்க் கல்லுக்குச் சற்று முந்திய 6-ஆம் நூற்றாண்டில், ஜோர்தானின் மதபா நகரில் கைவினைஞர்கள் வண்ணக் கற்சில்லுகளைப் பதித்துத் தேவாலயத் தரையில் புனித பூமியின் வரைபடத்தை அமைத்தார்கள். எருசலேமின் தூண் வரிசைத் தெருவை இன்றும் அதில் காணலாம். மதபா பழம்பெருமையோடு நின்றுவிடவில்லை. 1992-இல் அங்கே ஒரு மொசைக் பள்ளி தொடங்கியது. சில்லு வெட்டவும், பதிக்கவும், சிதைந்த தரையைச் செப்பனிடவும் உள்ளூர் இளைஞர்கள் கற்றார்கள்.

நம் ஊர்களில் நடுகற்களைக் காத்தது வழிபாடு. வேடியப்பன் என்று கும்பிட்டதால்தான் பல கற்கள் வேலிக்கல்லாகாமல் பிழைத்தன. அதே பக்தியில் இன்று எனாமல் பெயிண்ட் பூசுகிறோம், சிமெண்ட் மேடை கட்டிக் கல்லின் அடிப்பகுதியைப் புதைக்கிறோம். எழுத்துகள் அதற்குள் மறைகின்றன. பூசையை நிறுத்தச் சொல்வது தவறு. பூசுவதை நிறுத்தச் சொல்ல, கல்லின் குணம் அறிந்த ஊர்க்காரர் ஒருவர் வேண்டும்.

அந்த ஆள் நம்மிடம் இருக்கிறார். தட்டிப் பார்த்து ஓசையிலேயே கல்லின் உள்விரிசலைச் சொல்லும் தச்சர்களுக்குத் தொல்லியல் துறை பயிற்சி தரட்டும். ஊர்க் கற்களைப் பராமரிக்கும் பொறுப்பை மாதச் சம்பளத்தோடு ஒப்படைக்கட்டும். அவர்கள் பிள்ளைகள் உளியைக் கீழே வைப்பதற்குள் இதைச் செய்தாக வேண்டும்.